அணு உலைக்கு மூடுவிழா: அக்கம்பக்கத்தாருக்கு அழைப்பு உண்டா?

2010 டிசம்பர் 31 அன்று மும்பையின் டிராம்பேயில் சைரஸ் அணு உலை நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. கனடா கொடுத்த உலை. அதற்கான கனநீர் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1960 ஜூலையில் இயங்கத் தொடங்கி, 1997 முதல் சில ஆண்டுகள் பழுதுபார்ப்புக்காக ஓய்ந்து, மறுபடி ஓடி, ஐம்பது வயதில் அடங்கியது. 1974 பொக்ரான் சோதனைக்குப் புளூட்டோனியம் தந்தது இந்த உலைதான் என்பது உலகறிந்த செய்தி. அதை நிறுத்தியதற்குக் காரணம் மூப்பு மட்டுமல்ல. அமெரிக்காவுடன் அணுசக்தி ஒப்பந்தம் செய்துகொள்வதற்காக மன்மோகன் சிங் அரசு 2006 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் வைத்த, ராணுவ அணு நிலையங்களையும் சிவில் நிலையங்களையும் தனித்தனியாக்கும் திட்டத்தில், 2010-இல் சைரஸ் மூடப்படும் என்று வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. டெல்லி முடிவெடுத்தது, வாஷிங்டன் ஏற்றுக்கொண்டது. உலைக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் வசிக்கும் செம்பூர், மான்குர்த், சீத்தா கேம்ப் வாசிகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கென்று ஓர் ஏற்பாடே நம் நாட்டில் கிடையாது. உலையைக் கட்டும்போது மக்களிடம் கேட்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. மூடும்போதும் கேட்க வேண்டும், அப்போதுதான் முக்கியமாகக் கேட்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஸ்விட்சை அணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது பெரும்பிழை. டீகமிஷனிங் என்று துறையினர் சொல்லும் அந்த வேலை, உலை நின்ற மறுநாள்தான் ஆரம்பிக்கிறது. எரிபொருளை வெளியே எடுத்துக் குளத்தில் வைத்துக் குளிரவிட வேண்டும். குழாய்களையும் பம்புகளையும் ரசாயனத்தால் கழுவ வேண்டும். கழுவிய நீரும் கழிவுதான். பிறகு உலோகத்தை அறுக்க வேண்டும், கான்கிரீட்டை உடைக்க வேண்டும், மண்ணைத் தோண்டிச் சோதிக்க வேண்டும். எஃகில் தங்கியிருக்கும் கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டுகளில் பாதியாகும், சீசியம்-137-க்கு 30 ஆண்டு வேண்டும், புளூட்டோனியம்-239-க்கோ 24,000 ஆண்டுக்கு மேல். அதனால் சில நாடுகள் உலையைப் பூட்டிவைத்து, கதிர்வீச்சு தணியும்வரை பத்தாண்டுக் கணக்கில் காத்திருக்கின்றன. காத்திருப்பதில் ஒரு லாபம் உண்டு: அறுக்கப் போகும் தொழிலாளிக்குக் கதிர்வீச்சு குறையும். ஒரு நஷ்டமும் உண்டு: எந்தக் குழாய் எந்த ஆண்டு கசிந்தது, எந்த மூலையில் எதைப் புதைத்தார்கள் என்று தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விடுவார்கள். உடனே பிரிப்பதா, காத்திருப்பதா, எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும், கழிவு எந்தச் சாலை வழியே போகும், காலியான நிலம் யாருக்கு? இவற்றில் பாதிக் கேள்விகளுக்கு இயற்பியலில் விடை கிடையாது. அவை ஊரைச் சேர்ந்த கேள்விகள்.

சைரஸ் தனி ஆள் அல்ல. ஆசியாவின் முதல் உலையான அப்ஸரா, 1956 ஆகஸ்ட் 4 அன்று இதே டிராம்பேயில் இயங்கத் தொடங்கி 2009-இல் நிறுத்தப்பட்டது. மேம்படுத்தப்பட்ட அதன் வாரிசு 2018 செப்டம்பரில் இயங்கத் தொடங்கியது. அதற்கும் முன்பே ஸெர்லினா என்ற சிறு உலை 1980-களில் விடைபெற்றது. ராஜஸ்தானில் ராவத்பாட்டாவின் முதல் அலகு 2004 அக்டோபரிலிருந்து ஓடவில்லை. மும்பைக்கு வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில், பால்கர் மாவட்டத்து தாராப்பூரில், 1969 அக்டோபரில் மின்சாரம் விற்கத் தொடங்கிய இரண்டு அமெரிக்க உலைகள் நிற்கின்றன. அவை 2020-இல் பெரும் பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டன. ஆயுளை எவ்வளவு நீட்டினாலும் ஒருநாள் அவற்றையும் பிரித்தாக வேண்டும். இதற்கெல்லாம் திட்டம் இருக்கிறதா என்று 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்த்தார். உலையைப் பிரிப்பதற்கான கையேட்டை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வெளியிட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியும், நாட்டின் எந்த அணுமின் நிலையத்துக்கும் பிரிப்புத் திட்டம் இல்லை என்று அவர் எழுதினார். அந்தச் செலவுக்கென்று மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு 2 பைசா வசூலிக்கப்படுகிறது. 1991-இல் வைத்த அந்தத் தொகையைத் திருத்தவே இல்லை என்றும் அறிக்கை சுட்டிக்காட்டியது. இருபது ஆண்டில் டீ விலை எத்தனை முறை ஏறியது என்று செம்பூர் ஸ்டேஷன் வாசலில் கேட்டால் தெரியும். மின்சாரமே விற்காத சைரஸ் போன்ற ஆராய்ச்சி உலைகளுக்கு அந்த இரண்டு பைசாவும் கிடையாது. அரசு பட்ஜெட்தான் கதி.

திட்டம் இருந்தாலும் மக்கள் அதைப் பார்க்க முடியாது என்பது அடுத்த சிக்கல். 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம், பிரிவு 18-இன் கீழ், அணு நிலையங்கள் பற்றிய தகவல்களை வெளியிடுவதைத் தடுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. இந்தப் பூட்டை உடைக்கும் முயற்சி நடந்த இடமும் மும்பைதான். ஏ. கோபாலகிருஷ்ணன் தலைவராக இருந்தபோது ஒழுங்குமுறை வாரியம் 1995-இல் தயாரித்த ஆவணம், நாட்டின் அணு நிலையங்களில் 130 பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிட்டிருந்தது. அதை வெளியிடச் சொல்லி மக்கள் சிவில் உரிமைக் கழகமும் பம்பாய் சர்வோதய மண்டலும் மும்பை உயர் நீதிமன்றம் போயின, தோற்றன. 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் பிரிவு 18 செல்லும் என்று சொல்லிவிட்டது. இதற்கிடையே 2000-ஆம் ஆண்டில் இன்னொரு சுவர் எழுந்தது: சைரஸ் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்களை ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்கி, மையத்தின் உள் பாதுகாப்புக் குழுவிடமே அரசு ஒப்படைத்தது. ஆக, சைரஸைப் பிரிப்பவரும் அதை மேற்பார்வை செய்பவரும் ஒரே குடும்பம். அவர்கள் திறமையற்றவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவன் நேர்மையானவனாகவே இருக்கலாம். இருந்தாலும் எந்தப் பள்ளிக்கூடமும் அதற்கு அனுமதிப்பதில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? பிரான்ஸ் 1981-லிருந்தே ஒவ்வொரு அணு நிலையத்துக்கும் உள்ளூர்த் தகவல் குழு வைத்துக்கொள்ளும் வழக்கத்தை ஆரம்பித்தது. 2006-இல் அதைச் சட்டமாக்கியது. குழுவில் குறைந்தது பாதிப் பேர் உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மீதி இடங்களில் சுற்றுச்சூழல் அமைப்புகள், தொழிற்சங்கங்கள், நிபுணர்கள். தனக்குச் சந்தேகம் வந்தால் வெளியாளை வைத்து அளக்கச் சொல்லும் உரிமை குழுவுக்கு உண்டு. 2020-இல் மூடப்பட்ட ஃபெஸ்ஸன்ஹைம் நிலையத்துக்கும் அப்படி ஒரு குழு இருக்கிறது. அமெரிக்காவில் 2014-இல் வெர்மான்ட் யாங்கி உலை மூடப்பட்டபோது அந்த மாநிலம் தனிச் சட்டம் போட்டு மக்கள் ஆலோசனைக் குழுவை அமைத்தது. 2019-இல் அந்நாட்டு நாடாளுமன்றம், இப்படிப்பட்ட குழுக்கள் எங்கெங்கே எப்படி நடக்கின்றன, எவை சிறந்த நடைமுறைகள் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கேட்டு அறிக்கை தரும்படி அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கட்டளையிட்டது. எல்லாம் சரி, இந்தக் குழுக்களால் ஏதாவது மாறியதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மாறியது. மெய்ன் மாநிலத்தில் 1997-இல் மூட முடிவான மெய்ன் யாங்கி நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். கட்டடங்களை இடித்து, அந்த இடிபாட்டைப் பழைய அஸ்திவாரக் குழிக்குள்ளேயே கொட்டி மூடிவிடலாம் என்று நிறுவனம் நினைத்தது; செலவு குறைவு, மத்திய விதியும் அதற்கு இடம் தந்தது. ஊரார் ஒத்துக்கொள்ளவில்லை. ஆலோசனைக் குழுவிலும் வெளியிலும் விவாதம் நடந்து, கடைசியில் நிறுவனம் அந்த யோசனையைக் கைவிட்டு இடிபாட்டை வெளியே அனுப்பியது. மாநிலமோ 2000-இல் தனக்கென்று கடுமையான அளவுகோல் வைத்தது: நிலத்தில் எஞ்சும் கதிர்வீச்சால் ஒருவருக்கு ஆண்டுக்கு 25 மில்லிரெம் வரை போகலாம் என்பது மத்திய விதி, மெய்ன் அதைப் பத்தாகக் குறைத்தது. இத்தனை வாதப் பிரதிவாதத்துக்கு நடுவிலும் 2005-இல் வேலை முடிந்தது. எரிபொருள் மட்டும் எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் கான்கிரீட் உறைகளில் அங்கேயே இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டிய சம்பவம் கலிபோர்னியாவில் நடந்தது. 2013-இல் மூடப்பட்ட சான் ஒனோஃப்ரே நிலையத்தில், பயன்படுத்திய எரிபொருள் அடைத்த எஃகு உருளைகளை நிலத்தில் பதித்த கான்கிரீட் குழிகளுக்குள் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 50 டன். 2018 ஆகஸ்ட் 3 அன்று ஓர் உருளை குழியின் உள்வளையத்தில் சிக்கிக்கொண்டது. மேலே இருந்தவர்கள் அது அடியில் உட்கார்ந்துவிட்டதாக நினைத்துத் தூக்குப் பட்டைகளைத் தளர்த்திவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அந்த உருளை வளையத்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றது. நழுவியிருந்தால் 18 அடி ஆழத்தில் விழுந்திருக்கும். நிறுவனம் ஊருக்குச் சொல்லவில்லை. ஆறு நாள் கழித்து அந்த நிலையத்தின் மக்கள் பங்கேற்புக் குழு கூடியபோது, பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பாதுகாப்புப் பணியாளர் எழுந்துபோய் மைக்கில் நடந்ததைச் சொன்னார். வேலை நிறுத்தப்பட்டது, விசாரணை வந்தது, 2019-இல் நிறுவனத்துக்கு 1,16,000 டாலர் அபராதம் விழுந்தது. அந்தக் குழுவுக்கு எந்த அதிகாரமும் இல்லை. நிறுவனமே அமைத்த குழு அது. ஆனால் அங்கே ஒரு மைக் இருந்தது, கூட்டத் தேதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதே சம்பவம் டிராம்பேயில் நடந்திருந்தால் அந்தப் பணியாளர் எங்கே போய்ச் சொல்லியிருப்பார்?

டிராம்பேயை அமெரிக்க மின்நிலையத்தோடு ஒப்பிடலாமா, அது நாட்டின் பாதுகாப்போடு சம்பந்தப்பட்ட இடமாயிற்றே என்று சிலர் கேட்பார்கள். இது லேசான ஆட்சேபம் அல்ல. நேராகவே பதில் சொல்ல வேண்டும். நாகசாகியில் விழுந்த குண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்தது வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்ட். அதைவிட ராணுவ ரகசியம் நிறைந்த இடம் உலகத்தில் அதிகம் இருக்க முடியாது. அங்கே 1994-லிருந்து ஆலோசனைக் குழு இயங்குகிறது: தொழிலாளர்கள், பக்கத்து ஊராட்சிகள், கொலம்பியா நதியை நம்பி வாழும் பழங்குடியினர், மருத்துவத் துறையினர் எல்லோருக்கும் இடம் வைத்து. பிரிட்டன் தன் முதல் குண்டுகளுக்கான புளூட்டோனியத்தைச் செய்த செல்லாஃபீல்டிலும் உள்ளூர்வாசிகளும் மன்ற உறுப்பினர்களும் உட்கார்ந்து கேள்வி கேட்கும் குழு உண்டு. இவர்களில் யாரும் குண்டு செய்யும் முறையைக் கேட்பதில்லை. கழிவு லாரி எந்த நேரத்தில் எந்தச் சாலையில் போகிறது, கழிமுகத்தில் விடும் நீரில் என்ன இருக்கிறது, கிணற்று நீரை அளப்பது யார், ஒப்பந்தத் தொழிலாளி வாங்கிய கதிர்வீச்சு எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது என்றுதான் கேட்கிறார்கள். இதில் எது எதிரி நாட்டுக்குப் பயன்படும்? சைரஸ் எதற்குப் பயன்பட்டது என்பதே பாடப்புத்தகச் செய்தியாகிவிட்ட பிறகு, அது எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பது மட்டும் ரகசியமாக இருப்பதற்கு நியாயம் சொல்வது கடினம்.

அடுத்து, 'சேரிக்காரர்களுக்கு அணு விஞ்ஞானம் என்ன தெரியும்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லா மறுப்புக்கும் அடியில் கிடப்பது அதுதான். இதற்குப் பதில் டிராம்பேயின் சொந்த வரலாற்றில், அதுவும் தமிழர் கதையில் இருக்கிறது. இன்றைய அணுசக்தி நகருக்குப் பக்கத்தில் ஜனதா காலனி என்ற பெரிய குடியிருப்பு இருந்தது. நகரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை மாநகராட்சியே கொண்டுவந்து குடியேற்றிய இடம். தமிழர்களும் முஸ்லிம்களும் கணிசமாக இருந்தார்கள். அணு மையம் தன் ஊழியர் குடியிருப்புக்காக அந்த நிலத்தைக் கேட்டது. காலனிவாசிகளுக்குத் தலைமை தாங்கியவர், கோலார் தங்கவயலில் பிறந்து பிழைப்புக்காகப் பம்பாய் வந்த ஜோக்கின் அற்புதம் என்ற இளைஞர். மாநகராட்சி குப்பை அள்ளாதபோது காலனிச் சிறுவர்களை ஆளுக்கொரு குப்பைப் பொட்டலம் எடுத்துவரச் சொல்லி அலுவலக வாசலில் கொட்டவைத்தவர் அவர். நீதிமன்றம் போனார், டெல்லி போய் நாடாளுமன்ற வாசலில் உட்கார்ந்தார், இந்திரா காந்தியைப் பார்த்து உறுதிமொழியும் வாங்கினார். கடைசியில் நெருக்கடிநிலை வந்தது. 1976 மே மாதத்தில் ஆயிரக்கணக்கான போலீசார் சூழ, சுமார் 70,000 பேர் வாழ்ந்த காலனி தரைமட்டமானது. மக்கள் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அணு மையத்தின் ஒரு பக்கத்திலிருந்து கிளப்பி அதன் இன்னொரு பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் காலத்தில் சுவருக்கு உள்ளேயும் தமிழ்ப் பெயர்கள் பெரிய பதவிகளில் இருந்தன, பி. கே. ஐயங்காரும் ஆர். சிதம்பரமும் பின்னாளில் மையத்தின் இயக்குநர்கள் ஆனார்கள். சுவரின் இரு பக்கத்துத் தமிழர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்ததாக வரலாறு இல்லை.

அந்த மனிதரின் கதை அங்கே முடியவில்லை. அற்புதம் தேசிய சேரிவாசிகள் கூட்டமைப்பைக் கட்டினார். தாராவியை மையமாக்கிக்கொண்டு ஸ்பார்க், மகிளா மிலன் அமைப்புகளோடு வேலை செய்தார். அவர்கள் கண்டுபிடித்த ஆயுதம் கணக்கெடுப்பு. வீட்டுக்கு வீடு போய், யார் எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், என்ன தொழில், எத்தனை பேர் என்று குடியிருப்பு மக்களே எழுதி, வரைபடம் போட்டு, அதிகாரியின் மேஜையில் வைத்தார்கள். மும்பை ரயில் பாதையோரத்தில் குடிசை போட்டிருந்த குடும்பங்களை 2000-ஆம் ஆண்டு வாக்கில் அகற்றவேண்டி வந்தபோது, ரயில்வேயும் மாநில அரசும் இந்தக் கூட்டமைப்பின் பட்டியலை நம்பின. யாருக்கு எங்கே வீடு, யாருக்குப் பக்கத்தில் யார் என்று மக்களே முடிவு செய்தார்கள். ஓராண்டைச் சற்றே தாண்டிய காலத்தில் 60,000 பேர் போலீஸ் தடியடி இல்லாமல் இடம் மாறினார்கள். 1976-ஐயும் 2000-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை மக்கள், ஒரே நகரம், ஒரே தலைவர். ஒன்று பத்தாண்டு வழக்கும் வம்புமாக இழுத்து புல்டோசரில் முடிந்தது. மற்றது பேசி முடிந்தது. மக்களைக் கலந்தால் வேலை தாமதமாகும் என்பவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும். புதிய வீடுகளில் குறைகள் இல்லாமல் இல்லை. அவை வேறு கட்டுரைக்கான விஷயம். அற்புதத்துக்கு 2000-இல் மக்சேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன, 2018-இல் காலமானார். சீத்தா கேம்ப்பை உருவாக்கிய அந்த வெளியேற்றம்தான் அவரை உருவாக்கியது.

நிபுணத்துவம் பற்றிய சந்தேகத்துக்கு இன்னொரு பதிலும் செம்பூரிலேயே இருக்கிறது. ஓய்வுபெற்ற அணு விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் இவ்வளவு அடர்த்தியாக வாழும் பகுதி இந்தியாவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அப்பா, மகள் என இரண்டு தலைமுறை அணுசக்தித் துறையில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் சாதாரணம். தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் கழகம் இருக்கிறது. டிராம்பே அடங்கிய எம்-கிழக்கு மாநகராட்சி வார்டில் பல ஆண்டு களப்பணி செய்த அனுபவம் அதற்கு உண்டு. ஆகவே அறிவுக்குப் பஞ்சமில்லை. உண்மையில் இங்கே ஆபத்து எதிர்த்திசையில்தான்: இப்படி ஒரு குழு அமைந்தால் முதல் கூட்டத்திலேயே ஓய்வுபெற்ற விஞ்ஞானிகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, டிராம்பே கோலி மீனவரும் மான்குர்த் ஒப்பந்தத் தொழிலாளியும் கைதட்டும் கூட்டமாகிவிடக்கூடும். அதனால்தான் இடங்களைச் சட்டமே ஒதுக்க வேண்டும்: எம்-கிழக்கு, எம்-மேற்கு வார்டு கவுன்சிலர்களுக்கு, மீனவர் சங்கத்துக்கு, ஒப்பந்தத் தொழிலாளருக்கு, சீத்தா கேம்ப் குடியிருப்போருக்கு, மாநகராட்சி மருத்துவமனை மருத்துவருக்கு. கூட்டம் மராத்தியிலும் இந்தியிலும் நடக்கட்டும். தமிழிலும் உருதுவிலும் குறிப்பு வரட்டும். மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகள் நடத்தும் ஊரில் இது பெரிய கோரிக்கை அல்ல.

தகவல் கொடுத்தால் பீதி கிளம்பும் என்பார்கள். கூடங்குளத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். 2011-இல் இடிந்தகரையில் போராட்டம் முற்றிய பிறகுதான் மத்திய அரசு நிபுணர் குழுவை அனுப்பியது, மாநில அரசு இன்னொன்றை அனுப்பியது. இரண்டும் உலை பாதுகாப்பானது என்று சான்று கொடுத்தன. சான்று சரியா தவறா என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதை யாரும் நம்பவில்லை என்பதுதான் நடந்தது. இருபது ஆண்டுகளாகப் பேசாமல் இருந்துவிட்டு, சண்டை வந்த பிறகு நிபுணரை அனுப்பினால் அவர் வக்கீலாகத்தான் தெரிவார். டிராம்பேக்குப் பக்கத்திலேயே எதிர்மாறான பாடமும் இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயனக் கிடங்குகளும் சூழ்ந்த மாகுலில் மூச்சு முட்டுகிறது என்று முதலில் சொன்னது எந்த ஆய்வகமும் இல்லை, அங்கே வசிப்பவர்கள்தான். அவர்கள் வழக்குப் போட்ட பிறகு, 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்குள்ள காற்று உடல்நலத்துக்குக் கேடு என்று ஒப்புக்கொண்டது. 2019-இல் மும்பை உயர் நீதிமன்றம், வேறிடத்தில் வீடு இடிக்கப்பட்டவர்களை மாகுலில் கட்டாயமாகக் குடியேற்றக் கூடாது என்றது. அக்கம்பக்கத்தார் சொன்னது பீதி என்று ஒதுக்கப்பட்ட ஆண்டுகளில் கெட்டுப்போனது அவர்கள் உடம்புதான். அணு உலை மாகுலைப் போல நாற்றம் காட்டாது. கதிரியக்கம் உள்ள ட்ரிட்டியத்துக்கு வாசனை இல்லை. அதனால் இங்கே அளவீடுகளைக் கேட்டுப் பெறும் உரிமை இன்னும் அவசியமாகிறது.

எல்லாவற்றையும்விட வலுவான ஆட்சேபம், இந்தக் குழுக்களை விரும்புவோரிடமிருந்தே வருகிறது: ஆலோசனைதானே, யார் கேட்கப் போகிறார்கள்? டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் குழுக்களை நாம் பார்த்ததில்லையா? உண்மை. தாராவி மறுசீரமைப்புக்கு மாநில அரசு அமைத்த நிபுணர் குழு, ஓய்வுபெற்ற தலைமைச் செயலாளர் டி. எம். சுக்தாங்கர் தலைமையில் 2009-இல் அந்தத் திட்டத்தையே கடுமையாக விமர்சித்துப் பகிரங்கக் கடிதம் எழுதியது. அதோடு திட்டம் நின்றுவிடவில்லை. ஆனாலும் தாராவியைப் பற்றி அதற்குப் பிறகு நடந்த விவாதங்களில் அந்தக் கடிதம் ஒரு சாட்சியாக நிற்கிறது. ஒரு குழுவின் பலம் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. மூன்று விஷயம் எழுத்தில் இருந்தால் போதும். ஒன்று: குழு அனுப்பும் ஒவ்வொரு யோசனைக்கும் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். ஏற்காவிட்டால் ஏன் என்று சொல்லவேண்டும். இரண்டு: மையத்தைச் சாராத ஆய்வகத்தை வைத்து மண்ணையும் நீரையும் அளக்கக் குழுவுக்குச் சொந்தப் பணம் வேண்டும். மூன்று: கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், உள்ளே வேலை செய்பவர் வந்து பேசினால் அவர் வேலை போகக் கூடாது. மூன்றாவது இல்லாவிட்டால் சான் ஒனோஃப்ரேயில் எழுந்துபோன அந்த மனிதர் உட்கார்ந்தே இருந்திருப்பார்.

செலவு? ஓர் உலையைப் பிரிக்க ஆகும் தொகையோடு ஒப்பிட்டால், மாதம் ஒருமுறை கூடும் குழுவுக்கும் சில நீர் மாதிரிகளுக்கும் ஆகும் செலவு கணக்கில் தெரியாது. இதில் நேரம் செலவிடத் தேவையில்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம், 1962 சட்டத்தையும் 2010-இன் அணு இழப்பீட்டுச் சட்டத்தையும் நீக்கிவிட்டு, அணுமின் துறையைத் தனியாருக்குத் திறந்திருக்கிறது. ஒழுங்குமுறை வாரியத்துக்கு முதன்முறையாகச் சட்ட அந்தஸ்து கொடுத்திருப்பதைப் பாராட்டலாம். சில தகவல்களைத் தடைசெய்யப்பட்டவை என அறிவிக்கும் அதிகாரத்தை மட்டும் அரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. உள்ளூர் ஆலோசனைக் குழு என்ற ஏற்பாடு அதிலும் இல்லை. இதுவரை உலையைப் பிரிப்பவர் அரசாவது என்று இருந்தது. இனி லாபக் கணக்குப் பார்க்கும் நிறுவனம் உலையை நடத்தி, முடிந்தபின் பிரிக்கும் காலமும் வரும். அப்போது அக்கம்பக்கத்தாருக்கு நாற்காலி போட வேண்டுமென்றால் விதி இப்போதே எழுதப்பட வேண்டும். சட்டம் விதிகள் மூலமாகத்தான் நடைமுறைக்கு வரும். விதியில் ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்ல நாடாளுமன்றத்தின் மறு கூட்டத்தொடர் தேவையில்லை. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும், சீத்தா கேம்ப்பின் ஜமாத்துகளும், தேசிய சேரிவாசிகள் கூட்டமைப்பும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினால் போதும். அணுசக்தித் துறையின் தலைமையகம் தென்மும்பையில்தான் இருக்கிறது, கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் பக்கத்தில். செம்பூரிலிருந்து குர்லா வழியாக சி.எஸ்.எம்.டி. போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கடிதத்தை நேரிலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கி வாருங்கள்.